நாம் எழுதி வைக்காத சுவர்கள்

தென்காசி காசிவிசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், தனக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். செய்யுளாகவே வெட்டி வைத்திருக்கிறான். இந்தக் கோயிலுக்கு என்றாவது ஒரு குறை நேர்ந்து, அதைச் சீர்செய்து காப்பவர் யாராக இருந்தாலும், உலகம் அறிய அவரை வணங்குகிறேன் என்பது அதன் கருத்து. 1446இல் தொடங்கிய திருப்பணி அது. இன்னும் பிறக்காத குடிமக்களை அரசன் ஒருவன் முன்கூட்டியே கும்பிட்டு வைத்திருக்கிறான். அந்தக் குடிமக்கள் நாம்தான். தென்காசி, குற்றாலம், மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று இந்த மலையடிவாரத்தில் வாழ்கிற நாம்.

குறையைச் சரிசெய்ய வேண்டுமானால் குறை நேர்ந்தது முதலில் தெரிய வேண்டும். அது தெரிய வேண்டுமானால் நேற்று எப்படி இருந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். அதை நாம் செய்யவில்லை. நம் ஊர்களில் எல்லோர் கண்ணிலும் படும்படி, காசு கொடுக்காமல் பார்க்கும்படி, திறந்த வெளியில் நிற்கிற சிற்பங்கள் எத்தனை, ஓவியங்கள் எத்தனை, அவை எங்கே இருக்கின்றன, யார் செய்தது, இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்டால், கையை நீட்டி எடுத்துக் கொடுக்க நம்மிடம் ஒரு தாள் கிடையாது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது பட்டாசு வெடித்து மகிழ்ந்தோம். ஆட்சியர் அலுவலகம் எங்கே வரும், எந்த வட்டம் எதோடு சேரும் என்று மாதக்கணக்கில் வாதாடினோம். புதிதாய்ப் பிறந்த மாவட்டத்தின் கலைச் செல்வங்களுக்கு ஒரு வரைபடம் வேண்டும் என்று நம்மில் யாரும் ஒரு மனுகூடக் கொடுக்கவில்லை. எல்லைக்கோட்டுக்காகப் பேசிய நாம், எல்லைக்குள் இருப்பது என்ன என்று பார்க்கவில்லை.

சித்திரசபையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் நம் குற்றம் அங்கேதான் பெரிது. ஆடவல்லானுக்கு ஐந்து சபைகள். தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம், குற்றாலத்தில் சித்திரம். உலோகத்துக்கும் மணிக்கும் சமமாக ஓவியத்தையும் ஒரு சபையாக உயர்த்தி வைத்த ஊர் தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். இங்கே ஆடுகிறவர் சுவரில் ஓவியமாகவே ஆடுகிறார். அவரைச் சுற்றிலும் புராணக் கதைகளும் தெய்வக் கோலங்களும் சுவர் நிறைய விரிகின்றன. குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, முன்னால் தெப்பக்குளத்தோடு தனியே நிற்கிற கட்டடம். மார்கழித் திருவாதிரைக்கு இங்கே தாண்டவ தீபாராதனை நடக்கும்போது கூட்டம் நெரியும். அந்த நெரிசலில் நாமும் நின்றிருக்கிறோம், கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறோம். திரும்பிச் சுவரைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய ஓவியம் எப்படிச் சாகும் என்பது தெரிந்தால்தான் நம் அலட்சியத்தின் அளவு புரியும். அது ஒரே நாளில் விழுந்து உடைவதில்லை. சுவருக்குள் ஈரம் ஏறுகிறது. ஈரம் காயும்போது உள்ளிருக்கும் உப்பு மேலே வருகிறது. உப்பு பூச்சைத் தூக்குகிறது, பூச்சு வயிறு போல உப்புகிறது, வண்ணம் மாவாக உதிர்கிறது. ஒரு மழைக்காலத்தில் ஒரு விரல் அகலம் போகும், இன்னொரு மழைக்காலத்தில் ஒரு முகம் போகும். ஆனி, ஆடி, ஆவணி முழுக்கச் சாரலில் நனைகிற ஊர் நம்முடையது. எந்தச் சாரலை நாம் ஊரின் பெருமையென்று சொல்கிறோமோ அதுதான் இந்தச் சுவர்களுக்கு எமன். அப்படியானால் ஆண்டுதோறும், சாரலுக்கு முன்னும் பின்னும், சுவர் சுவராகப் புகைப்படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டியவர்கள் நாம்தானே? கையில் செல்போன் இல்லாத வீடு நம் ஊரில் இல்லை. அருவியில் தண்ணீர் கொட்டுவதை நொடிக்கு நொடி படமெடுத்து அனுப்புகிறோம். சித்திரசபையின் ஒரு சுவரை வரிசையாக, முறையாகப் படமெடுத்து, தேதி போட்டு எங்கேயாவது வைத்திருக்கிறோமா? படமெடுக்க அனுமதி கிடைக்காது என்று சொல்லித் தப்பிக்கலாம். முறையாக எழுதிக் கேட்டோமா? கேட்டு மறுத்தால்தானே அது தடை.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாம் என்ன செய்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பேரருவியில் ஒரு குளியல், ஐந்தருவியில் ஒரு குளியல், வரும் வழியில் மங்குஸ்தானும் ரம்புத்தானும், இரவு பிரானூர் பார்டரில் புரோட்டா. மறுநாள் பழைய குற்றாலம். இதுதான் நாம் காட்டுகிற குற்றாலம். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் ஒரு குளியலறையாக மட்டும் தெரிகிறது என்றால் அப்படித் தெரியும்படி காட்டியது நாம். சுற்றுலாத் துறையின் விளம்பரப் பலகையில் அருவி மட்டும் இருக்கிறது என்று குறைப்பட நமக்கு உரிமை கிடையாது. நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் நம் வாயிலிருந்து வருவதும் அருவிகளின் பெயர்கள் மட்டும்தான்.

பேரருவி விழும் பாறையிலேயே சிவலிங்கங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீர் குறைந்த மாதங்களில் தெளிவாகத் தெரியும். அந்த மாதங்களில் நாம் அந்தப் பக்கம் போவதில்லை. போகிற மாதங்களில் தண்ணீர் மறைத்துக்கொள்ளும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பாறையில் கை வைத்த சிற்பிகளை நினைத்திருந்தால் அதை நாமே சொல்லியிருப்போம்.

தென்காசிக்கு வருவோம். கோபுர வாசலில் நுழையும்போது வீசுகிற காற்றைப் பற்றி ஊர் முழுக்கப் பேசுகிறோம். உள்ளே நிற்கிற வீரபத்திரரையும் ரதியையும் மன்மதனையும் தாண்டவமூர்த்தியையும் காளியையும் பற்றி என்ன பேசுகிறோம்? ஒரே கல்லில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற சிற்பங்கள். எலும்பும் நரம்பும் நகையும் நகமும் கல் என்பதை மறக்கடிக்கிற வேலை. இவற்றைப் பார்ப்பதற்கென்றே தொலைதூரத்திலிருந்து சிற்பக்கலை மாணவர்கள் வருகிறார்கள். மீந்த குங்குமத்தையும் விபூதியையும் கொட்ட இடம் தேடும் நமக்கு அந்தச் சிற்பங்களின் பாதமும் மடிப்பும் வசதியாக இருக்கின்றன. எண்ணெய்க் கையைத் துடைக்கத் தூண் இருக்கிறது. விழா வந்தால் சீரியல் விளக்குக் கம்பியைக் கட்ட அதே தூணின் யாளி இருக்கிறது. இதில் எதையும் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. பக்தியோடுதான் செய்கிறோம். பக்திக்கும் பார்வைக்கும் பகையில்லை என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நாமும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவில்லை.

நாம் ஒன்றுமே செய்யாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். பிளந்து மொட்டையாக நின்ற கோபுரத்தைப் பார்த்து வருந்திய தலைமுறைகள் இங்கே இருந்தன. 1990இல் ஒன்பது நிலைகளோடு அது மீண்டும் எழுந்தது. ‘தினத்தந்தி’ சிவந்தி ஆதித்தனார் முன்னின்றார், பக்தர்கள் கொடுத்தார்கள், ஊர் ஒன்றுசேர்ந்தது. பெரியது இடிந்தால் நமக்கு வலிக்கிறது. சிறியது தேய்ந்தால் வலிப்பதில்லை. ஒரு கோபுரம் இல்லாமல் போனால் வானத்தில் வெறுமை தெரிகிறது. ஒரு ஓவியத்தின் கண் இல்லாமல் போனால் அங்கே கண் இருந்ததே யாருக்கும் தெரியாது. வரைபடமும் பட்டியலும் வேண்டும் என்று நான் மன்றாடுவது அதற்காகத்தான்.

இன்னொரு ஒப்பீட்டைச் சொல்ல வேண்டும். கடையநல்லூருக்குப் பக்கத்தில் திருமலைப்புரம் இருக்கிறது. முற்காலப் பாண்டியர் குடைந்த குடைவரை, அதன் விதானத்தில் ஆயிரம் ஆண்டைத் தாண்டிய ஓவியத்தின் எச்சங்கள். சித்தன்னவாசலோடு சேர்த்துப் பேசப்பட வேண்டிய இடம், கலை வரலாற்று நூல்களில் அப்படித்தான் பேசப்படுகிறது. இன்னொரு பக்கம் சுந்தரபாண்டியபுரம். 2005இல் வெளிவந்த ‘அந்நியன்’ படத்தின் பாட்டுக்காக ஊரின் வீடுகளிலும் தெருக்களிலும் வண்ணம் அடித்தார்கள். ஊருக்கு வெளியே கிடந்த பாறைகளில் எம்.ஜி.ஆர்., சிவாஜி தொடங்கி நடிகர்களின் முகங்களை வரைந்தார்கள். இன்றும் மக்கள் ‘அந்நியன் பாறை’ என்று கைபேசியில் தட்டி வழி கண்டுபிடித்துப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் போகிறவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. வெயிலில் நின்று பாறையில் வரைந்த தொழிலாளிகளின் வேலை அது, பார்க்கத் தகுந்தது. கலை இயக்குநர் சாபு சிரிலின் பெயர் நமக்குத் தெரியும். ஏணியில் ஏறித் தூரிகை பிடித்தவர்கள் யார், அவர்களில் நம் பக்கத்து ஆட்கள் உண்டா என்று இத்தனை ஆண்டுகளில் கேட்டு எழுதி வைத்தோமா? அந்தப் பாறையைப் பார்க்க வந்தவர்களுக்கு, இன்னும் கொஞ்சம் தூரம் போனால் திருமலைப்புரம் என்று சொல்ல ஒரு பலகை வைத்தோமா? வரைபடத்தில் ஒரு புள்ளி இருந்தால் மக்கள் தேடி வருவார்கள் என்பதற்கு நம் மாவட்டமே சான்றாக நிற்கிறது. புள்ளி வைத்தவர்கள் சினிமா ரசிகர்கள். அவர்களுக்கு இருந்த அக்கறை நமக்கு இல்லாமல் போனது.

கோயிலையும் குடைவரையையும் விட்டுத் தெருவுக்கு வந்தால் நம் கணக்கு இன்னும் மோசமாகிறது. நெல்லைச் சீமையில் சாஸ்தா இல்லாத குடும்பம் இல்லை, சுடலைமாடன் இல்லாத ஊர் இல்லை. குளத்தங்கரையில், சுடுகாட்டு ஓரத்தில், வயல் வரப்பில் சுதையும் மண்ணுமாக நின்ற மாடன்களும் இசக்கியம்மன்களும் குதிரைகளும் நம் கைவினையின் தனி முகம். மீசையின் வளைவும் விழியின் பிதுக்கமும் ஊருக்கு ஊர் மாறும். கை பழகிய குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். மண் என்பதால் அது கரையும். கரைந்தால் கொடை விழாவுக்கு முன்னால் மறுபடியும் செய்வார்கள், அதுவே வழக்கம். அந்த வழக்கம் அறுந்த இடத்தில் இப்போது சிமெண்ட் வார்ப்பு வந்து நிற்கிறது. எல்லா ஊரிலும் ஒரே முகம், ஒரே எனாமல் ரோஸ் நிறம். பழைய முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் பெரியவர்கள் கையால் காற்றில் வரைந்து காட்டுகிறார்கள். தேன்பொத்தையில் மண்பாண்டம் செய்கிற குடும்பங்களிடம் பானை வாங்கினோம், பொங்கலுக்கு அடுப்பு வாங்கினோம். உங்கள் தாத்தா எந்தெந்த ஊருக்கு உருவம் செய்து கொடுத்தார் என்று கேட்கவில்லை.

போர்டு எழுதியவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. தென்காசி பஜாரிலும் செங்கோட்டைச் சாலையிலும் குற்றாலத்து லாட்ஜ்களிலும் ஒரு காலத்தில் இருந்த எழுத்தெல்லாம் கை எழுத்து. தையல் கடைச் சுவரில் கோட்டு போட்ட மாப்பிள்ளை, சலூன் கண்ணாடிக்கு மேலே முடிவெட்டின மாதிரிகள், அரிசிக் கடையில் லட்சுமி, மருந்துக் கடையில் சிவப்புச் சிலுவை, லாட்ஜ் வரவேற்பறையில் பேரருவி. நிழல் விழுகிற மாதிரி எழுத்துக்குத் தடிமன் கொடுப்பதற்கு ஒரு கை வேண்டும். சாய்வெழுத்தில் ‘ழ’வின் வாலை இழுத்து நிறுத்துவதற்கு இன்னொரு கை வேண்டும். கீழ் மூலையில் சின்னதாக ஒரு பெயரும் ‘ஆர்ட்ஸ்’ என்ற சொல்லும் இருக்கும். எழுத்தைப் பார்த்தே இது யார் வேலை என்று சொல்கிற ஆட்கள் டீக்கடையில் இருந்தார்கள். தேர்தல் வந்தால் சுவர்களில் சின்னம் வரைந்ததும், பள்ளிக்கூட மதிலில் தலைவர்களையும் திருக்குறளையும் எழுதியதும் இதே கைகள்தான்.

பிளெக்ஸ் வந்தது. ராத்திரி சொன்னால் காலையில் கிடைத்தது, விலையும் மலிவு. நாம் ஒருவர்கூடத் தயங்கவில்லை. பழைய தகரப் பலகைகளைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டோம். எழுதியவர்களில் பலர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனார்கள், மலை தாண்டிக் கேரளத்துக்குப் பெயின்டிங் வேலைக்குப் போனார்கள், சிலர் கண்பார்வை மங்கி வீட்டில் இருக்கிறார்கள். தொழில் போனதைத் தடுத்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு பலகையையாவது எடுத்து வைத்திருக்க முடியும். ஒரு படமாவது எடுத்திருக்க முடியும். குற்றாலத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லும் செம்பும் கொண்டு கொடுக்கிறவர்கள், ஒரு தகரப் பலகையைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைத்தே பார்க்கவில்லை.

இவற்றுக்குச் சட்டம் காவல் இருக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் ஒரு சிற்பத்தையோ ஓவியத்தையோ தொல்பொருளாகக் கொள்ள வேண்டுமானால் அதற்கு நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். நூறு ஆகும்வரை அதைக் காப்பது யார்? தகரப் பலகைக்கும் சுதை மாடனுக்கும் பள்ளிச் சுவர் பாரதிக்கும் நம்மைத் தவிர நாதியில்லை. நூறு ஆண்டு தாண்டியவற்றுக்கும் நிலைமை ரொம்ப உசத்தியாக இல்லை. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் தொன்மைச் சின்னங்களையும் கோயில்களையும் பட்டியலிட்டுக் காக்க 75 கட்டளைகளைப் பிறப்பித்தது. பட்டியல் இல்லாமல் காப்பு இல்லை என்ற எளிய உண்மையைச் சொல்ல ஒரு உயர் நீதிமன்றம் தேவைப்பட்டது. அந்தத் தீர்ப்பு செய்தித்தாளில் வந்த நாளில் நம் ஊர்களில் அது பேச்சாகக்கூட ஆகவில்லை.

தலைவர் சிலைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். நம் நாற்சந்திகளில் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிற சிலைகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதால் அது விசித்திரமாகவே தெரிவதில்லை. சாதிச் சண்டையில் ஒருவர் சிலையை மற்றவர் உடைப்பார் என்று பயந்து நாமே போட்ட கூண்டு அது. கலைவரைபடம் போட்டால் அந்தக் கூண்டும் அதில் வர வேண்டும். கடையத்தில் செல்லம்மாளின் தோளில் கை போட்டு நிற்கிற பாரதி சிலை 2022இல் வந்தது. பாரதி தம்பதி வாழ்ந்த ஊரிலேயே அதை வைத்தது நல்ல காரியம். அதை வடித்த சிற்பியின் பெயரைத் தெரிந்துகொள்ள நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? திறந்து வைத்தவர் பெயரைக் கல்வெட்டில் பெரிதாகப் போடுவோம், செய்தவர் பெயருக்கு இடம் இருக்காது. இந்த வழக்கத்தை மாற்ற எந்தத் துறையின் அனுமதியும் தேவையில்லை.

எதனால் இப்படி ஆனோம்? குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. இருந்தார். ஒரு கவிதையை எப்படி நின்று நிதானித்து ரசிப்பது என்று தமிழ்நாட்டுக்கே சொல்லிக் கொடுத்த மனிதர், 1954இல் மறைந்தார். அவருக்கும் முன்னால், மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இந்த மலையையும் நாட்டையும் குளத்தையும் வயலையும் பறவையையும் பெயர் பெயராகச் சொல்லிக் குறவஞ்சி பாடினார். ஊரில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு அடுக்குவது நமக்கு அந்நியமான பழக்கம் அல்ல, நம் ஊர்க் கவிஞர் காட்டிய பழக்கம். அதை விட்டது நாம். கோயில் என்றால் அறநிலையத் துறை பார்த்துக்கொள்ளும், குடைவரை என்றால் தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும், தெரு என்றால் பஞ்சாயத்து பார்த்துக்கொள்ளும் என்று பொறுப்பை ஒவ்வொரு வாசலிலும் இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டோம். சீசன் ஊர் என்பதும் ஒரு காரணம். மூன்று மாத வருமானத்தில் ஆண்டை ஓட்டுகிற ஊருக்கு மீதி ஒன்பது மாதம் எதற்காவது உதவும் என்ற நினைப்பே வருவதில்லை. தண்ணீர் விழாத மாதத்திலும் சித்திரசபை இருக்கும், வீரபத்திரர் இருப்பார், திருமலைப்புரம் இருக்கும். அதைச் சொல்லி ஆள் வரவழைக்க நாம் முயன்றதில்லை.

வேறு நாடுகளில் இந்த வேலையைப் பெரும் அறிஞர்கள் மட்டும் செய்யவில்லை. அமெரிக்காவில் 1989இல் வெளிப்புறச் சிற்பங்களைக் காக்கும் இயக்கம் ஒன்று தொடங்கியது. ஆசிரியர், மாணவர், ஓய்வுபெற்றவர் என்று ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் கையில் ஒரு படிவத்தோடு தங்கள் ஊர்த் தெருக்களில் நடந்து சுமார் 30,000 சிற்பங்களைப் பதிவு செய்தார்கள். இண்டியானாபொலிஸ் நகரில் 2009இல் ஒரு கல்லூரி வகுப்பு தங்கள் வளாகத்துச் சிற்பங்களைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கியது. நம் பக்கம், சென்னை கண்ணகி நகரில் 2020 வாக்கில் அடுக்குமாடிகளின் சுவர்களில் பெரிய ஓவியங்கள் எழுந்தன. ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு குடியிருப்பைத் தேடி ஓவியம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். நமக்குப் புதிதாகச் சுவரில் வரைய வேண்டிய தேவைகூட இல்லை, இருப்பதைப் பதிவு செய்தால் போதும்.

வரைபடம் போட்டால் திருடனுக்கு வழிகாட்டியதாகிவிடுமே என்று ஒரு பயம் உண்டு. நியாயமான பயம். பூட்டிய அறையில் இருக்கும் செப்புத் திருமேனிகளை வரைபடத்தில் போடக் கூடாது. அவற்றைப் படமெடுத்து உரியவர்களிடம் ஒப்படைத்தால் போதும். ஆனால் படமே இல்லாமல் இருப்பது பாதுகாப்பு அல்ல. பக்கத்தில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து 1982இல் களவு போன நடராசர், ஆஸ்திரேலியாவிலிருந்து 2019இல்தான் திரும்பி வந்தார். அரியலூர்ப் பக்கத்து ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014இல் அதே நாட்டிலிருந்து மீண்டதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பு எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள் சான்றாக நின்றன. யாரோ ஒரு நாள் வந்து, விளக்கு வைத்து, அளந்து படமெடுத்துவிட்டுப் போனதால் ஒரு தெய்வம் வீடு திரும்பியது.

நம் பட்டியலில் யார் விடுபடுவார்கள் என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய கோயிலிலிருந்து தொடங்கிப் பெரிய கோயிலிலேயே முடித்துவிடுகிற குணம் நமக்கு உண்டு. பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசல் திராவிடக் கட்டடக்கலையில் நிற்கிறது, அதன் தூண்கள் இந்தப் பட்டியலில் முதல் பக்கத்தில் வர வேண்டும். மாதாகோயில்களின் சுதைச் சிற்பம் வர வேண்டும். ஊருக்கு வெளியே தள்ளிவைத்த தெருக்களின் மாடனும் காளியும் அங்கே வாழ்கிறவர்கள் வாயால் சொன்ன பெயரோடும் கதையோடும் வர வேண்டும். மேலத்தெருக்காரர்கள் போட்ட பட்டியலில் கீழத்தெரு இல்லை என்றால் அது வரைபடம் ஆகாது, பழைய பாகப்பத்திரத்தின் நகல் ஆகும்.

வேலை பெரிய வேலை அல்ல. ஒரு தாளில் ஆறேழு கேள்விகள்: என்ன, எங்கே, எதில் செய்தது, யார் செய்தது, எப்போது, இன்று எப்படி இருக்கிறது, ஊரார் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள். நான்கு பக்கமும் படம், பக்கத்தில் ஒரு அளவுகோல், தேதி. பள்ளியின் ஓவிய ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை ஒரு தெரு நடந்தால் ஒரு கோடை விடுமுறைக்குள் தென்காசி நகரம் முடிந்துவிடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் கலைப்படைப்புக்கென்றே தனிக் குறி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், காசு கிடையாது. எடுத்த படங்களை விக்கிமீடியாவில் போட்டு வைத்தால் நம் கைபேசி தொலைந்தாலும் படம் தொலையாது. சாரல் விழாவில் மலர்க் கண்காட்சியும் போட்டிகளும் வைக்கிற நிர்வாகத்திடம், அந்த நாட்களில் சித்திரசபைக்கும் திருமலைப்புரத்துக்கும் விளக்கம் சொல்கிற ஆளோடு ஒரு நடை வையுங்கள் என்று கேட்கலாம். கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் எனாமல் டப்பாவைத் திறக்குமுன், பழைய வண்ணத்தைப் படமெடுத்தாகிவிட்டதா என்று கேட்க ஊரில் ஒரு குரல் வேண்டும். வெள்ளையடிக்க வருகிறவரை ஒரு நாள் காக்க வைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் கோயில் அல்ல. கல் இன்னும் கொஞ்ச காலம் நிற்கும். போர்டு எழுதியவர்களும் மண்ணில் மாடன் செய்தவர்களும் பாறையில் முகம் வரைந்தவர்களும் எழுபதையும் எண்பதையும் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் செய்தவை எங்கெங்கே இருக்கின்றன என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அவர் பெயரை முதல் வரியில் எழுதுங்கள்.